கண்ணாடிக்கு அம்மை போட்ட வாரம்

வேலையை விட்டுவிட்டதை என் கணவர் நேரடியாகச் சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே, "தி.நகர்ல புதுசா வர்ற கடையெல்லாம் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியா வைக்கிறாங்க, கவனிச்சியா?" என்று கேட்டார். கவனித்தேன் என்றேன். "அதையெல்லாம் யாரு துடைப்பா?" என்றார். எனக்கென்ன தெரியும், துடைக்கிறவர்கள் துடைப்பார்கள் என்றேன். "நான்தான்," என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில், மேற்கு மாம்பலத்துச் சந்து ஒன்றில், எங்கள் கண்ணாடி துடைக்கும் தொழில் இப்படித்தான் ஆரம்பமானது. மோரை ஊற்றினேனே தவிர எனக்கு இதில் சம்மதம் இல்லை. காரணம், விருதுநகரில் அவருடைய அண்ணன் வைத்திருந்த புண்ணாக்கு மண்டி. மூன்று மாதத்தில் தொழில் நிலைக்காவிட்டால் நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவது என்று அண்ணனும் தம்பியும் என்னைக் கேட்காமலே பேசி முடித்திருந்தார்கள். புண்ணாக்கின் மேல் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் கல்யாணமான புதிதில் அந்த மண்டியின் மாடியில் பத்து நாள் இருந்திருக்கிறேன். திரும்பி வரும்போது ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "வீட்ல எத்தனை மாடும்மா?" என்று விசாரித்தாள்.

இரண்டரை மாதம் போன பிறகுதான் முதல் கடை கிடைத்தது. பனகல் பார்க் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. முதலாளி திருநெல்வேலிக்காரர், தெருவுக்கே அண்ணாச்சி. ஒரு நாள் துடைத்துக் காட்டு, பிடித்திருந்தால் வருஷம் முழுக்க உனக்குத்தான் என்றார். இவரும் கடையின் போர் தண்ணீரைப் பிடித்து, ரப்பர் கட்டை போட்டு வழித்து, கண்ணாடியைப் பளபளவென்று ஆக்கிவிட்டு வந்தார். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன். வெயில் ஏறியதும் தண்ணீர் காய்ந்து, உப்பு மட்டும் கண்ணாடியில் தங்கிவிட்டது. மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெள்ளையாகப் புள்ளி.

"என்ன தம்பி, கண்ணாடிக்கு அம்மை போட்டிருக்கு? வேப்பிலை கட்டணுமோ?" என்று கேட்டாராம் அண்ணாச்சி. பிறகு மனம் இறங்கி, "வார வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கேன். அதுக்குள்ள எறக்கிவிடும்," என்றாராம்.

அம்மையை இறக்க நல்ல தண்ணீர் வேண்டும். அது கடையில் இல்லை. எங்கள் தெருவுக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை லாரியில் வரும். அதை மாம்பலத்திலிருந்து தி.நகருக்கு எப்படிக் கொண்டுபோவது? சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டிப் பார்த்தார். சந்து முனை திரும்புவதற்குள் இவர் குளித்துவிட்டார். மீன்பாடி வண்டி வாடகைக்கு எடுக்கலாம் என்றார். புண்ணாக்கிலிருந்து தப்பி மீனில் விழவா என்று கேட்டேன். கடைசியில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவரே ஒரு வண்டி வரைந்தார். இரும்புச் சட்டம், அதன்மேல் நீல பிளாஸ்டிக் பீப்பாய், உடைந்த ஸ்கூட்டரின் இரண்டு சக்கரம், தள்ளக் கைப்பிடி, கீழே ஒரு குழாய், குழாயடியில் வாளி மாட்ட ஒரு கொக்கி. படத்தில் பார்க்க ஆமை நின்றுகொண்டிருப்பது மாதிரி இருந்தது. அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு வெல்டிங் கடையில் படத்தைக் கொடுத்தோம். வியாழக்கிழமை சாயங்காலம் போனால் வண்டி தயாராக நின்றது. கொக்கியைத்தான் காணோம். அந்த இடத்தில் வட்டமாக ஒரு வளையம் பற்றவைத்திருந்தது.

"இது என்னப்பா?" என்றார் இவர்.

"கொடம் வெக்க சார்," என்றார் வெல்டர், சந்தோஷமாக. "நீ மறந்துட்ட போல கீது. தண்ணி வண்டின்னா கொடம் வெக்க எடம் வோணாவா? நானே போட்டுட்டேன்."

"இது கண்ணாடி துடைக்கிற வண்டி!"

"இன்னா சார் காமெடி பண்ற. நல்ல தண்ணில எவன் கண்ணாடி தொடைப்பான்?"

பீப்பாயைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு பெயிண்டில், கொட்டை எழுத்தில், 'குடிநீர். வீணாக்காதீர்' என்று எழுதியிருந்தது. பெயிண்டர் பக்கத்துக் கடைக்காரராம், பிரியத்தில் எழுதிக்கொடுத்தாராம். அழிப்பதற்கு நேரமில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் அண்டா, குண்டா, இட்லிப் பானை எல்லாவற்றிலும் நல்ல தண்ணீர் நிரம்பி நின்றது. நாங்கள் உப்புத் தண்ணீரில் குளித்தோம். சோப்பு நுரைக்கவே இல்லை. என் தலைமுடி தேங்காய் நார் ஆகிவிட்டது. சேர்த்ததையெல்லாம் விடியற்காலையில் பீப்பாயில் ஊற்றி, எழுத்தின்மேல் ஒரு கோணிச் சாக்கைக் கட்டி மறைத்துக்கொண்டு கிளம்பினோம். சப்வே சரிவில் இறங்கும்போதுதான் வண்டிக்கு பிரேக் வரையவில்லை என்பது இவருக்கு ஞாபகம் வந்தது. வண்டி ஓட, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இவர் ஓட, இவருடைய செருப்பைப் பொறுக்கிக்கொண்டு நான் ஓட, எதிரே வந்த ஆட்டோக்காரர் எங்கள் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார். வண்டி சாயவில்லை. சாக்குதான் எங்கேயோ பறந்துவிட்டது.

கடை வாசலில் வண்டியை நிறுத்தியபோது மணி எட்டு. உள்ளே அண்ணாச்சி வெள்ளிக்கிழமை பூஜையில் இருந்தார். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டுமென்று இவர் ஒரு வாளி பிடித்துக்கொண்டு, கதவை ஒட்டியிருந்த பெரிய கண்ணாடியில் ஆரம்பித்தார். வண்டியை என் பொறுப்பில் விட்டார். அதுதான் அவர் செய்த தப்பு.

ஒரு பெண் வந்தாள். இடுப்பில் பச்சைக் குடம். பீப்பாயில் எழுதியிருந்ததைப் படித்தாள். குடத்தை வளையத்தில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. "எங்க தெருவுக்கு லாரி வந்து நாலு நாள் ஆவுதுக்கா," என்றாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. குழாய்க்குக் கீழே குடம் இருந்தால் திறக்கிற கை இது. திறந்துவிட்டது. அது நிறைவதற்குள் பின்னால் நாலு குடம் நின்றது. அப்புறம் எட்டு. ஒருத்தி இடையில் புகுந்தாள். எனக்கு வந்ததே கோபம்! "வரிசையில வாங்க! ஆளுக்கு ஒரு குடம்தான்!" என்று கத்தினேன். எங்கள் தெருவில் லாரி வரும்போது வரிசையைப் பார்த்துக்கொள்வது நான்தான். பழக்கதோஷம்.

முதல் கண்ணாடியை முடித்துவிட்டு, அடுத்த வாளிக்காக இவர் திரும்பினார். குழாய் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

"என்னடி பண்ணிவச்சிருக்க?"

"குடிநீர்னு எழுதினது நானா?"

"வீணாக்காதீர்னும் எழுதியிருக்கே, அதைப் படிச்சியா?"

"வீணாவா போச்சு? குடத்துலதானே போயிருக்கு!"

நடுத்தெருவில் நாங்கள் போட்ட சண்டையும், தண்ணீர் கிடைக்காதவர்கள் போட்ட சத்தமும் உள்ளே பூஜை வரைக்கும் கேட்டிருக்கிறது. என்னவோ ஏதோ என்று அண்ணாச்சி நெற்றி நிறைய ஈரத் திருநீறோடு ஓடிவந்தார். ஒரு வாரமாக வெள்ளைப் புள்ளியைப் பார்த்துப் பார்த்துத்தான் கண்ணாடி எது, கதவு எது என்று கண்டுபிடித்துக்கொண்டிருந்தார் மனிதர். இப்போது ஒரு புள்ளிகூட இல்லை. வழி திறந்திருக்கிறது என்று நினைத்து நேராக வந்தார்.

ணங்.

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடியில் அவருடைய மூன்று பட்டை, நடுவில் குங்குமப் பொட்டு, அப்படியே பதிந்திருந்தது. எனக்குப் புண்ணாக்கு வாசனை அடித்தது. நிஜமாகவே அடித்தது. அழுகை வந்துவிட்டது.

அவர் மெதுவாகக் கதவைத் திறந்து வெளியே வந்து, கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார்.

"எலேய், இங்க கண்ணாடி இருக்கதே தெரியலையே!" என்றார். பிறகு வரிசையையும் குடங்களையும் பார்த்தார். "தண்ணிப் பந்தல் வேற வச்சிருக்கேரா நம்ம கடை வாசல்ல? சோலிக்காரருதான். அந்தத் திருநீறைத் தொடச்சிட்டு உள்ள வாரும். வருஷத்துக்கும் பேசிருவோம்."

இவர் உற்சாகத்தில் உள்ளே ஓடி, உலர்ந்த துணியால் ஒரே இழுப்பாக இழுத்தார். மூன்று பட்டையும் பரவி, கண்ணாடி முழுக்கச் சிவப்பழமாகிவிட்டது. வாளி காலி. பீப்பாய் காலி. போர் தண்ணீர் பட்டால் மறுபடி அம்மை. அண்ணாச்சி வாசலிலேயே நெற்றியைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தார்.

நான் வாளியோடு கொண்டுவந்திருந்த சொம்பை எடுத்துக்கொண்டு, கடைசியாகக் குடம் நிரப்பியவளிடம் ஓடினேன். அவளைச் சுற்றித் தண்ணீர் கிடைக்காத நாலைந்து பேர் ஏற்கெனவே சொம்போடும் டம்ளரோடும் நின்றிருந்தார்கள்.

"ஒரே ஒரு சொம்பு தாம்மா. இது எங்க தண்ணி," என்றேன்.

அவள் குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வரிசைல வாக்கா. நீதான சொன்ன?"

போய் நின்றேன். விருதுநகருக்கு இது எவ்வளவோ மேல்.