மருமகனோடு மூஸ் வேட்டைக்குப் போனேன்

மூஸ் என்பது மான் இனம்தான். ஆனால் மான் என்றதும் மனதில் வரும் எதுவும் அதற்குப் பொருந்தாது. மாட்டைவிட உயரம், தொங்கும் மூக்கு, தலையில் இரண்டு சுளகை நிமிர்த்தி வைத்தது போலக் கொம்பு. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோன இந்த வயதில், அதைச் சுடப்போகிறோம் என்று வடக்கே காட்டுக்குப் போனேன். எனக்கு வேட்டையிலும் ஆசை இல்லை, அந்த இறைச்சியிலும் ஆசை இல்லை. மருமகனோடு தனியாக இருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மருமகன் நாங்கள் வந்து குடியேறிய இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரர். எங்கள் தமிழ் அவருக்கு விளங்கும், பேசத்தான் கூச்சம். அவரும் மகளும் நகரத்தின் ஒரு புறம் ரொக்ஸ்பரோவில், நானும் மனைவியும் மறு புறம் லாசாலில். அந்தக் கோடை முழுவதும் மகள் ஞாயிறு பூசைக்குத் தனியேதான் வந்தாள். கேட்டால், "அவருக்கு வேலை" என்பாள். ஒருநாள் மனைவி அவர்கள் வீட்டுக்கு நண்டுக் கறி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். "பேஸ்மென்றில கட்டில் போட்டுக் கிடக்கு, அவர் அங்கதான் படுக்கிறார்" என்றாள். மருமகன் என் பிள்ளையை விட்டுவிட்டுப் போகப்போகிறார் என்று அன்றே முடிவுகட்டிவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு நித்திரை சரியில்லை.

எங்கள் ஆட்களில் மாமனும் மருமகனும் இப்படியான விஷயத்தை நேருக்கு நேர் கதைப்பதில்லை. நடுவில் ஓர் ஆள் வேண்டும். மாப்பிள்ளையின் தாய்மாமன், பெரியப்பா, யாரும் இல்லாவிட்டால் பங்குச் சாமியார். இவருக்கு யாரைப் பிடிப்பது? தாயும் தகப்பனும் பிரிந்து, ஆளுக்கொரு துணையோடு நிம்மதியாக இருக்கிறார்கள். அவர்களிடம் போனால், அது பிள்ளைகளின் பாடு என்று சொல்லி வைன் ஊற்றித் தருவார்கள். சாமியாரைக் கண்டாலோ மருமகன் காரை விட்டே இறங்கமாட்டார்.

அதனால், "மாமா, ஒக்டோபரில் மூஸ் வேட்டைக்கு வருகிறீர்களா? காடு தெரிந்த வழிகாட்டி ஒருவரும் வருவார்" என்று அவரே ஆங்கிலத்தில் கேட்டபோது, அவர் கேட்டு முடிக்குமுன் ஓம் என்றேன்.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த மனிசன், இப்ப துவக்குக்குப் பின்னால போறார்" என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே தடித்த காலுறைகளையும் தைலப் போத்தலையும் பையில் வைத்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பிள்ளையின்ர விஷயத்தைக் கதைக்காமல் வராதேங்கோ" என்றாள்.

என் கணக்கு இதுதான். ஒரு மூஸ் விழுந்தால் போதும். அதை வெட்டி, சுமந்து, கையெல்லாம் இரத்தமாகிக் களைத்துப்போய் இரண்டு பேரும் பியர் குடிப்போம். அந்தச் சந்தோஷத்தில் அவர் தோளில் கை போடுவேன், வாய் தானாகத் திறக்கும். நடுவில் நிற்க ஆள் இல்லாத குறையை அந்த மிருகம் தீர்த்துவைக்கும். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

வழிகாட்டி மெலிந்த மனிதர். போய் இறங்கியதும் இரண்டு விஷயம் சொன்னார். முதலாவது, மணம் கூடாது. மூஸுக்குக் கண் மட்டம், மூக்குத்தான் எல்லாம். சவர்க்காரம் வேண்டாம், சென்ற் வேண்டாம், சிகரெட் வேண்டவே வேண்டாம். எங்கள் உடுப்புகளைக்கூட வாங்கி வெளியே மரக்கிளைகளில் தொங்கவிட்டார். இரண்டாவது, காட்டில் இருக்கும்போது கதைக்கக் கூடாது. கதைக்க வந்தவனுக்குக் கிடைத்த இடத்தைப் பாருங்கள்.

அதற்குப் பிறகு மழை. மழை என்றால் நம் ஊர் மழை அல்ல, விழுந்த இடத்திலேயே கண்ணாடியாக உறையும் மழை. இருட்டோடு எழும்பி, படகில் ஏரியைக் கடந்து, சதுப்பின் ஓரத்தில் விழுந்துகிடந்த மரத்தில் போய் இருப்போம். துவக்கு மருமகனிடம். எனக்கு இருப்பதுதான் வேலை. வழிகாட்டி மரப்பட்டையைக் குழல்போலச் சுருட்டி, அதற்குள் வாயை வைத்துப் பெண் மூஸ் போல நீளமாகக் கத்துவார். கேட்கவே நெஞ்சு கனக்கும். பதிலுக்கு ஒன்றும் வராது. சப்பாத்துக்குள் தண்ணீர் போய் விரல் மரத்து, பிறகு கால் இருப்பதே மறந்துபோகும். அப்படியே பின்னேரம் வரைக்கும் இருப்போம். பக்கத்தில் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மருமகன். ஒரு சொல்லும் பேச முடியாது. குடிசைக்குத் திரும்பி அடுப்படியில் சூப்பைக் குடித்துவிட்டு, இப்போது ஆரம்பிப்போம் என்று நான் தொண்டையைச் செருமும்போது அவர் வாயைத் திறந்தபடி நித்திரையாகியிருப்பார்.

முகம் வற்றிப்போயிருந்தது அவருக்கு. விட்டுவிட்டுப் போகிறவனுக்கு ஏன் முகம் இப்படி வாடவேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

பிறகு அவருக்கு இருமல் பிடித்தது. அடிவயிற்றிலிருந்து வருகிற இருமல். ஒரு காலை, புறப்படுமுன், வழிகாட்டி படகைப் பார்க்க இறங்கிவிட்டார். இருமினால் மூஸ் ஓடிவிடுமே என்ற கவலையில் நான் தைலப் போத்தலை எடுத்தேன். "சேட்டைத் தூக்குங்கோ தம்பி" என்றேன். அவர் குழந்தைபோலத் தூக்கினார். நெஞ்சில், முதுகில், தொண்டைக் குழியில், மூக்கின் இரண்டு பக்கத்திலும் நன்றாகத் தேய்த்துவிட்டேன். விலா எலும்பு கையில் தட்டியது. சத்தியமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மணம் என்று வழிகாட்டி சொன்னது சென்ற், சவர்க்காரம். தைலம் மணம் இல்லையே, மருந்து. எங்கள் வீட்டில் பிறந்த பிள்ளைக்கும் அது பூசுவோம், சாகக் கிடக்கிறவருக்கும் பூசுவோம். அதை ஒரு மணமாக நாங்கள் யாரும் எண்ணியதே இல்லை.

படகின் முன்னால் எதிர்க்காற்றில் இருந்த வழிகாட்டிக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. அன்றைக்கென்று மழை விட்டது. வழிகாட்டி கத்திய இரண்டாம் தரம் எதிர்க்கரையிலிருந்து பதில் வந்தது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு கனத்த உறுமல். கிளைகள் முறிந்தன. பிறகு பற்றைக்கு மேலே கொம்பு மட்டும் அசைந்து அசைந்து வந்தது. மாதாவே, விழட்டும் என்று மன்றாடினேன். கொலைக்கு மன்றாடுகிறோமே என்றுகூடத் தோன்றவில்லை. மருமகன் துவக்கை உயர்த்தினார். இன்னும் கொஞ்சம் வெளியே வந்தால் போதும்.

அப்போது காற்று திரும்பி, எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து மூஸை நோக்கி வீசியது. மூஸ் நின்றது. அந்தப் பெரிய மூக்கைத் தூக்கிப் பிடித்தது. திரும்பி, அவசரம்கூட இல்லாமல், காட்டுக்குள் போய்விட்டது.

வழிகாட்டி எங்கள் பக்கம் வந்து மோந்து பார்த்தார். அவர் முகம் சிவந்துவிட்டது. என்ன இது என்று பிரெஞ்சில் கேட்டார்.

"நான்தான் பூசினேன்" என்றார் மருமகன், உடனே.

"இல்லை, நான்தான் பூசிவிட்டேன்" என்றேன் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில்.

வழிகாட்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படகை நோக்கி நடந்தார். அந்த நேரத்தில் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது என்பதை மறைக்கமாட்டேன். என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறவர் எங்களை விட்டு எங்கே போகப்போகிறார்?

மீதி நாட்களில் பனி கொட்டியது. வேறு எதுவும் வரவில்லை. வெறும் கையோடு திரும்பினோம். வழியெல்லாம் எங்களை முந்திய வண்டிகளின் பின்னால் கொம்புகள் கட்டியிருந்தன. ஒரு சின்ன ஊரில், தெப்பனர் என்கிற மூலைக்கடையில் கோப்பி வாங்கிக்கொண்டு காருக்குள் ஏறினோம். அவர் காரை எடுக்கவில்லை. இனியும் பேசாவிட்டால் லாசால் வந்துவிடும். நடுவில் ஆளும் இல்லை, மூஸும் இல்லை.

"தம்பி, என்ன கோபம் எண்டாலும் என்ர பிள்ளையை விட்டுட்டுப் போகாதேங்கோ" என்றேன்.

அவர் என்னை விளங்காதவர்போலப் பார்த்தார். பிறகு கோப்பியைக் கீழே வைத்துவிட்டு, தமிழில் பேசினார். ஒவ்வொரு சொல்லாக, பாடமாக்கியதை ஒப்புவிக்கிறவர்போல.

"மாமா, நான் போக இல்லை. அவள் என்னைப் போகச் சொல்லுறாள். நீங்கள் அவளோட கதையுங்கோ."

இதைக் கேட்கத்தான் என்னை அழைத்து வந்தாராம். காட்டுக்குள் ஒவ்வொரு நாளும் கேட்க நினைத்தாராம். மூஸ் ஒன்று விழுந்தால் கேட்பது சுகமாக இருக்கும் என்று காத்திருந்தாராம். அதை ஆங்கிலத்தில் சொன்னார். நானும் என் கோப்பியைக் கீழே வைத்தேன்.

"அவள் கேப்பாளா?" என்றார், திரும்பவும் தமிழில்.

என் மகளை எனக்குத் தெரியும். இவரைத்தான் கட்டுவேன் என்று அவள் சொன்னபோது மாதக்கணக்கில் நான் அவளோடு கதைக்கவில்லை. அவளின் பெரியப்பாவை அனுப்பினேன், சாமியாரை அனுப்பினேன், முன்னால் நின்று அழுதும் பார்த்தேன். சொன்னதில் ஒரு சொல்லைக்கூட அவள் மாற்றவில்லை. அந்தப் பிடிவாதத்தால்தான் இவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் தம்பி, கேப்பாள்" என்றேன்.