பிரேசில்காரரிடம் யார் சொல்வது?

போன ஞாயிற்றுக்கிழமை கழுகுமலைப் பக்கம் ஒரு கால்பந்து ஃபைனலுக்குப் போயிருந்தேன். எனக்கும் கால்பந்துக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஆஃப்சைடு என்றால் என்ன என்று யாராவது கேட்டால், மையமாகத் தலையாட்டிச் சமாளிக்கிற ஆள் நான். ஆனால் சங்கரலிங்கம் அண்ணாச்சி கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது.

அண்ணாச்சி கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆலை வைத்திருப்பவர். ஊரே ஹாக்கி, ஹாக்கி என்று கிடக்க, இவருக்கு மட்டும் கால்பந்துப் பைத்தியம். ஆலை ஆட்களை வைத்து ஒரு டீம் நடத்துகிறார். போதாக்குறைக்கு, ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு கோச்சையும் கொண்டுவந்து இறக்கினார் - பிரேசிலிலிருந்து!

பெயர் எடினால்டோ. வயது நாற்பத்து மூன்று. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பிரேசிலிலேயே பாதிப் பேர் கேள்விப்பட்டதில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். பதினேழு வயதில் ஒரு சின்ன கிளப். பிறகு இன்னொரு சின்ன கிளப். கொஞ்ச காலம் போர்ச்சுகல். முப்பத்தொரு வயதில் முழங்கால் போய்விட்டது, ஆட்டமும் போய்விட்டது. டைல்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டே கோச்சிங் படித்தார். கோவாவில் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு முழு டீமை நம்பி அவர் கையில் கொடுத்த முதல் ஆள் நம் அண்ணாச்சிதான்.

பிரேசில் என்றால் நமக்குக் கடற்கரையும் காடும்தானே? இவர் ஊர் அப்படி இல்லை. வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற வறண்ட சீமை. வந்த அன்றைக்கு ரோட்டோரம் சீமைக்கருவேல மரத்தைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். அவர் ஊரிலும் இதே மரமாம். அவர் அப்பா இதன் நெற்றைத்தான் ஆட்டுக்குப் போடுவாராம். நாம் வேரோடு பிடுங்கி எறியப் பாடுபடுகிற மரம். அதை அவர் கட்டிப்பிடிக்காத குறை.

ஆறே மாதத்தில் தமிழும் பேச ஆரம்பித்துவிட்டார். எல்லாம் மைதானத் தமிழ். ஒருமுறை அண்ணாச்சியையே ‘ஏலே’ என்று கூப்பிட, ஆலையே கொஞ்ச நேரம் மூச்சு விடாமல் நின்றது.

சரி, ஃபைனலுக்கு வருவோம். அண்ணாச்சி முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தார். கப் வந்தால் இன்னும் ஒரு வருஷம். வராவிட்டால் ஊருக்கு டிக்கெட். எடினால்டோவுக்கு இங்கிருந்து போனால் திரும்ப அந்த டைல்ஸ் கடைதான். அன்று காலையிலிருந்து அவர் சாப்பிடவில்லை.

முதல் நாள் ராத்திரியே ஐப்பசி மழை கொட்டித் தீர்த்திருந்தது. கரிசல் மண்ணில் மழை பெய்தால் முதலில் என்ன செய்வோம்? செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வோம். இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிந்துகொள்வதில்லை. செருப்போடு பத்து அடி நடந்தால் அடியில் ஒரு செங்கல் கனத்துக்கு மண் அப்பியிருக்கும். எடினால்டோ ஊர் மண் வேறு, மழை பெய்தால் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு சும்மா இருக்குமாம்.

எதிர் டீம் நாகலாபுரம். வந்தார்கள், மண்ணைப் பார்த்தார்கள், ஷூவைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு வெறுங்காலோடு இறங்கினார்கள். எடினால்டோ பக்கத்தில் நின்ற என் காதில், “பாவம்... பிராக்டீஸ் பத்தாது” என்றார். நம் ஆட்களுக்கு அவர் போட்ட முதல் விதியே ஷூ இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது என்பதுதான். பதினொரு பேரும் புத்தம்புது ஷூவோடு இறங்கினார்கள்.

இடைவேளையில் இரண்டுக்கு பூஜ்யம். நம் பக்கம்தான் பூஜ்யம்.

“ஏலே, ஏன் ஓடல?” என்று எடினால்டோ கத்தினார். கேப்டன் மாடசாமி, ஆலையில் பேக்கிங் பார்க்கிறவர், ஒரு காலைத் தூக்கிக் காட்டினார். அடியில் கால் வண்டி மண்.

“ஷூ போட்டா இந்த மண்ணுல ஓட முடியாது சார்.”

“முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் சார்.”

“எல்லாருக்கும்?”

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து இந்த மண்ணை மிதிப்பவன்... நானும் தலையாட்டினேன். வெட்கமாக இருந்தது.

“ஏன் சொல்லல?”

“நீங்க பிரேசில்ல இருந்து வந்தவிய சார். உங்களுக்குப் போயி நாங்க என்னத்தச் சொல்ல?” என்றார் மாடசாமி.

எடினால்டோ பெஞ்சில் உட்கார்ந்தார். பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலும் ஒரு கதை சொன்னார். முப்பத்தொரு வயதில் ஒரு செமி ஃபைனல். ஒரு வாரமாக முழங்காலில் வலி. கோச் பெரிய ஆள், பேர் பெற்றவர். “ஆடலாமா?” என்று கேட்டார். இவர், “ஆடலாம் சார்” என்றார். ஊசி போட்டுக்கொண்டு இறங்கினார். பன்னிரண்டாவது நிமிடத்தில் விழுந்தவர்தான். “அந்த சார்கிட்ட நான் சொல்லல. அதான் இங்க இருக்கேன்” என்றார்.

பிறகு குனிந்து தன் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். மற்றவர்களுக்கு வேறு சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது பாதியில் நம் ஆட்கள் பறந்தார்கள். ஒரு கோல் விழுந்தது. கடைசி நிமிடத்தில் மாடசாமி அடித்த பந்து போஸ்டில் பட்டுத் திரும்பியது. அவ்வளவுதான். கப் நாகலாபுரத்துக்குப் போனது.

டாக்டரிடம் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல மாட்டோம். மேனேஜரிடம் கணக்கு இடிக்கிறது என்று சொல்ல மாட்டோம். மாப்பிள்ளைக்கு வழி தவறிவிட்டது என்று தெரிந்தும் காரில் பின்சீட்டில் கம்மென்று உட்கார்ந்திருப்போம். கேட்டால் மரியாதை! இந்த மரியாதையால் எத்தனை பேரைக் குழியில் இறக்கியிருக்கிறோம்?

அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். மழையால்தான் போச்சு என்று சொல்ல எல்லோரும் தயாராக இருந்தோம். எடினால்டோ முந்திக்கொண்டார்.

“என் தப்பு அண்ணாச்சி. மழை இல்ல.”

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். “குச்சி நமத்துப்போச்சுன்னா நம்ம ஆலையில எல்லாரும் மழை மேலதான் பழி போடுதாவ. நானும் அதத்தான் செய்யுதேன். தன் தப்புன்னு ஒரு வாய் சொல்லி இன்னைக்குத்தான் கேக்கேன். இந்த மனுசன் இங்கனயே இருக்கட்டும்.”

எடினால்டோ என் தோளில் முகத்தை வைத்து அழுதுவிட்டார். சட்டை முழுக்கச் சேறு. போகட்டும்.

திங்கட்கிழமையே டீமுக்குப் புது விதி போட்டாராம். தப்பு என்று தோன்றினால் யார் வேண்டுமானாலும் சாரிடம் சொல்லலாம். நேற்று எனக்குப் போன் செய்தார். பிராக்டீஸ் எப்படிப் போகிறது என்று கேட்டேன். பெருமூச்சு விட்டார்.

“பதினொரு பேரும் சொல்லுதாங்க. கேக்க ஆள் இல்ல.”