பெயர் விட்ட சீட்டுகள்

பொழுது சாய்ந்த பிறகு பூட்டிய ஆபீசுக்குள் டெலிபோன் அடித்தால், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் ஒவ்வொருவரும் அது தங்கள் வீட்டுச் சாவு என்றே நினைப்பார்கள். புக்கிட் ரோத்தான் பக்கத்து எஸ்டேட்டில் அந்த ஒரே டெலிபோனைப் பார்ப்பது என் வேலை. "திரும்பக் கூப்பிடுவாங்க, இதைச் சொல்லிடுங்க" என்று லயத்துக்காரர்கள் சொல்லிப் போவார்கள். நான் சீட்டு எழுதி வைப்பேன். இதே வேலை பார்த்தவர்களுக்கு என் பயம் புரியும். பிள்ளை தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

அரை நாள் சிரிப்பு

இரண்டு தாய்மார், பிள்ளைகளின் இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்தார்கள். சீட்டில் 'கிளினிக் கூப்பிடும்' என்று மட்டும் எழுதியிருந்தேன். கிளினிக்கிலிருந்து கூப்பிட்டு, "பிள்ளைக்கு ஒன்றுமில்லை" என்றதும், முதலில் வந்து கேட்டவளிடம் சொல்லிவிட்டேன். அந்த முடிவு மற்றவளின் பிள்ளைக்கு வந்தது. உண்மை தெரிந்து முதலாமவள் மாலையில் வந்தாள்.

"அரை நாள் சிரிச்சிட்டேன் தங்கச்சி. இப்ப அதை யாருகிட்ட திருப்பிக் குடுக்கிறது?"

மூன்று வரி

ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி அன்றே சட்டம் போட்டார், ஒவ்வொரு சீட்டிலும் மூன்று வரி: யார் சொன்னது, யாருக்கு, எதற்கு. கான்வென்ட் சிஸ்டர்கள் சுருக்கி எழுதப் பழக்கிய கை என்னுடையது. மூன்று வரி எதற்கு என்றேன்.

"பேரு இல்லாத சீட்டு, கையெழுத்துப் போட்ட வெத்துத் தாள் லா. எவன் எடுத்தாலும் அவனுக்குத்தான்."

மரியாதையான குரல்

பத்தாங் காலியில் புருஷன் அடி தாங்காமல் கைப்பிள்ளையோடு ஓடிவந்தவள் செல்வி. சுங்கை பெசாரில் ஒரு கடை மாடியில் ஒளிந்திருந்தாள். ராவாங் பேக்டரியில் வேலை கேட்டிருந்தாள். அவர்கள் எங்கள் ஆபீசுக்குக் கூப்பிட்டால் மட்டும் கொடுக்கச் சொல்லி அந்தக் கடை நம்பரைத் தந்தாள். என் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் நேரம். 'செல்வியைக் கேட்டால் இந்த நம்பர்' என்று கிறுக்கிவிட்டு ஓடினேன். மறுநாள் ஓர் ஆண் குரல் மரியாதையாகச் செல்வியைக் கேட்டது. சீட்டைப் பார்த்து வாசித்தேன். அவன் சிரித்தான்.

"ரொம்ப நன்றி தங்கச்சி. எம் பொண்டாட்டி கையால சாப்பிட்டு நாளாச்சு."

என் வீட்டு வாசல்

உடனே அந்தக் கடைக்கு டயல் செய்து, அவளைப் பின்வாசல் வழியாக அனுப்பச் சொன்னேன். இருட்டும் நேரத்தில் செல்வி பிள்ளையோடு என் வாசலில் நின்றாள். என் வீட்டுக்காரர் லோரியோடு ஜொகூர் போயிருந்தார். தொட்டிலில் என் ஏழு மாதப் பிள்ளை. அவள் புருஷன் தேடிக்கொண்டு இங்கேயே வந்தால்? பாதி திறந்த கதவைப் பிடித்தபடி நின்றேன். அவள் திட்டவில்லை.

"அக்கா, அவனுக்குத் தெரியாத வீடு இது ஒண்ணுதான். இதையாச்சும் சீட்டுல எழுதி வைக்காதீங்க."

கேட்டவர்களுக்கெல்லாம் தொடர்பு கொடுத்தே சம்பளம் வாங்கிய நான், அவர்கள் இருவரையும் உள்ளே இழுத்து, யாருக்கும் சொல்லாமல் தாழ்ப்பாள் போட்டதுதான் அந்த வேலையில் நான் ஒழுங்காகச் செய்த முதல் காரியம்.