ஏழு கட்டையோடு காத்திருந்த மெக்கானிக்

லிஃப்ட் மெக்கானிக் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் வாத்தியார்களே கேள்விப்படாத இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் அவருக்கு அத்துப்படி. மொட்டைமாடி மோட்டார் ரூம் சுவர் முழுக்க நீள நீளமாக எழுதி ஒட்டி, கிரீஸ் கையோடு நின்று உருப்போடுவார். அர்த்தம் கேட்டால், "நூத்திச் சொச்சம் பாயிண்டு" என்பார்.

நூலகத்தில் வருஷத்துக்கு ஒருமுறை, இங்கிலீஷ் எழுத்துக்கட்டைகளைப் பலகையில் கோத்து வார்த்தையாக்கிப் பாயிண்டு சேர்க்கும் ஆட்டம், ஜோடி ஜோடியாக. அவருக்கு ஜோடி மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி. போன ஒன்பது வருஷமும் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டியாயிற்று. ஒரே ஒரு தடவை இரண்டாவது சுற்றில் உட்கார்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

இந்த வருஷம் பன்னிரண்டு பாயிண்டு பின்தங்கியிருந்தார்கள். எதிரே தபால் ஆபீஸ் அண்ணன் தம்பி. அவர்கள் கையில் ஒரே கட்டை. கட்டை எடுக்கும் பை காலி. மெக்கானிக்கிடம் ஏழு கட்டை. இரண்டு முறை "பாஸ்" சொல்லிவிட்டு அடைகாக்கிறார்.

"குவிக்ஸட்ரி. ஒரு ஒய் மட்டும் வேணும்," என்று காதில் கிசுகிசுத்தார்.

"ஒய் எங்க இருக்கு?"

"அவங்க கையில. வைப்பாங்க."

"வச்சா அவங்க கை காலி. ஆட்டம் முடிஞ்சிடும். அப்புறம் உங்க வார்த்தைய எங்க வைப்பீங்க, என் தலையிலயா?"

அவர் யோசித்தார். "இருந்தாலும் நல்ல வார்த்தை," என்றார்.

"பொழுது விடிஞ்சிடும்போல இருக்கே அண்ணே," என்றான் தம்பிக்காரன்.

அவளுக்குப் பொறுமை போயிற்று. அவர் கையைத் தள்ளிவிட்டு இரண்டே இரண்டு கட்டையை எடுத்து மூலையில் வைத்தாள். ஆக்ஸ். வெறும் மாடு. எக்ஸ் மும்மடங்குக் கலர் கட்டத்தில் விழுந்து, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பக்கமும் எண்ணியதில் ஐம்பது. தபால்காரர்கள் ஒய்யை வைத்து ஆறு பாயிண்டு எடுத்து முடித்தார்கள்; கையில் மிஞ்சிய ஐந்து கட்டைக்கு இவர்களிடம் கழித்து அவர்களுக்குக் கூட்டியது போக, நாலு பாயிண்டில் ஜெயித்தார்கள்.

மெக்கானிக் பிணத்தைப் பார்ப்பதுபோல் பலகையைப் பார்த்தார். "ஒரு குடும்பத்தையே பிரிச்சிட்டியே."

தபால் அண்ணனிடம் போய் அந்த வார்த்தையை விரல்விட்டுச் சொல்லிக் காட்டினார். அவனும் தோற்ற கவலை இல்லாமல், "அடேங்கப்பா" என்று துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டான்.

இரண்டாவது சுற்றுக்கு மணி அடித்தது. அவள் முதலில் போய் உட்கார்ந்து கட்டைத் தாங்கியைத் தன் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"நான் எதைப் பாக்குறது?" என்றார் அவர்.

"பையைப் பிடிங்க," என்றாள்.