நாற்பத்தொரு மாப்பிள்ளைகள்

பாலைவன ஊரான நஃப்தாவில் திஜானியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் அவர்களுக்குப் பேரீச்சந்தோப்பு இருக்காது. தோப்பு என்று ஒன்று இருந்தால் மார்ச் மாதம் அவன் வீட்டுக் கதவைத் தட்டித்தான் ஆகவேண்டும். பதினைந்து மீட்டர் மரத்தில் கயிறில்லாமல் ஏறி, பெண்பாளையை விரித்து, ஆண்பூக் கதிர் நாலைந்தை நடுவில் செருகி, ஓலைக் கிழிசலால் கட்டி, நாலு தட்டுத் தட்டிவிட்டு இறங்குவான். கீழே நிற்கும் தோப்புக்காரர் ஒரு சிகரெட்டைப் பிடித்து முடிப்பதற்குள் அடுத்த மரத்தின் உச்சியில் இருப்பான். காய் பிடிக்கும் வேலையைக் காற்றிடம் விட்டால் காற்று தன் இஷ்டத்துக்குத்தான் செய்யும். திஜானி அப்படி இல்லை.

இதெல்லாம் காலை எட்டு மணி வரைக்கும்தான். ஒன்பது மணிக்கு அவன் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, தோசர் சாலையில் இருக்கும் ஆராய்ச்சி மையத்தில் நிற்பான். மரத்தில் ராஜா, இங்கே இரண்டாம் நிலை உதவியாளன். மாடியில் தாவர மரபணுக் கூடம், அதன் தலைவர் சி அம்மார். ஆணுக்கு 'சி', பெண்ணுக்கு 'லெல்லா' என்பது அங்கே மரியாதை அடைமொழி. கீழ்த்தளத்தில் இயற்பியல் கூடம், அதை ஆள்பவர் லெல்லா தலெந்தா. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய படலங்களைக் கண்ணாடி வில்லைகளில் படியவைத்து, குளிரவைத்து, குளிரவைத்து, மின்சாரம் எந்தத் தடையும் இல்லாமல் ஓடும் ஒரு புள்ளியை அவர் தேடிக்கொண்டிருந்தார். குளிரூட்டும் திரவ நைட்ரஜன் அவரிடம்தான் இருந்தது. இலைகளை உறையவைத்து அரைக்க மாடிக்கும் அது வேண்டும். ஆகவே திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் திஜானி கேனைத் தூக்கிக்கொண்டு கீழே போவான், புகை கக்கும் கேனோடு மேலே வருவான். உரலில் இலையைப் போட்டு நைட்ரஜனை ஊற்றினால் அது அப்பளமாக நொறுங்கும். எட்டு வருஷமாக நொறுக்குகிறான், இன்னும் அலுக்கவில்லை.

அந்த வருஷம் அவன் நொறுக்கியது சொந்த இலை. அவன் மாமனார் வழியில் வந்த தோப்பில் ஒரு மரம் இருந்தது. நிலத்தடித் தண்ணீர் உப்பேறிச் சுற்றியிருந்த மரமெல்லாம் மொட்டையானபோதும் அவள் மட்டும் குலை தள்ளிக்கொண்டே இருந்தாள். வீட்டில் அவளைப் பெரியவள் என்றுதான் சொல்வார்கள். பெரியவளுக்கு வயதாகிவிட்டது, அடியில் பக்கக்கன்று விடுவதை எப்போதோ நிறுத்திவிட்டாள். விதையிலிருந்துதான் அவள் வம்சத்தை எடுக்க வேண்டும். திஜானி விதை போட்டான். எண்ணெய் டின்னிலும் ஹரிஸா மிளகாய் விழுது டின்னிலுமாக நாற்பத்தொரு கன்று எழுந்து நின்றது.

விதைக்கன்றில் ஒரு வில்லங்கம் உண்டு. பாதி ஆண், பாதி பெண். எது எது என்பது பூக்கும்போதுதான் தெரியும். பூக்க ஆறு வருஷம் ஆகும். ஆறு வருஷம் ஆண்மரங்களுக்குத் தண்ணீர் ஊற்ற தோப்பின் மறுபாதிக்குச் சொந்தக்காரனான மச்சான் மப்ரூக் தயாராக இல்லை.

"மாப்ளே, பத்துப் பொண்ணாச்சும் இருக்குன்னு காட்டு. உன் பக்கத்துல நட்டுக்கோ, தண்ணி முறைய எழுதிக்கோ. இல்லேன்னா அந்தத் தண்ணிக்கு முலாம்பழம் போடுறேன்னு மாசக் கடைசியில தண்ணிச் சங்கத்துல எழுதிடுவேன். உன் டின்னெல்லாம் காயலாங்கடைக்கு."

பத்து. திஜானிக்கு அந்த எண் தூக்கத்திலும் கேட்டது. ஆனால் அவன் பயப்படவில்லை, ஏனென்றால் சி அம்மார் மூன்று வருஷமாகத் தேடிய சோதனை அப்போதுதான் கைகூடியிருந்தது. விரல் நீள இலை போதும். அதன் டி.என்.ஏ.வைப் பிரித்து, இயந்திரத்தில் பெருக்கி, ஜெல்லில் ஓடவிட்டு, நீல வெளிச்சத்தில் வைத்தால் பெண்ணுக்கு ஒற்றைக்கோடு, ஆணுக்கு இரட்டைக்கோடு. டிசம்பரில் ஊரறிந்த அறுபது மரங்களின் இலையை வைத்துப் பார்த்தார்கள். அறுபதும் சரி. சி அம்மார் அன்று எல்லோருக்கும் பைன்விதைத் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

மார்ச் பத்தொன்பதாம் தேதி நாற்பத்தொரு கன்றின் முடிவு. திஜானி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தான். ஆசைக்காக நாற்பத்திரண்டாவதாகப் பெரியவளின் இலையையும் யாரிடமும் சொல்லாமல் சேர்த்திருந்தான். பிள்ளைகளோடு தாயும் போட்டோவில் இருக்கட்டுமே என்றுதான்.

நீல வெளிச்சம் எரிந்தது.

"ஒண்ணு, ரெட்டை. ரெண்டு, ரெட்டை. மூணு..." சி அம்மாரின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"அந்தக் கோடியில பாருங்க சி அம்மார், அங்க ஒத்தை இருக்கும்."

"இல்லப்பா. எல்லாம் ரெட்டை. அத்தனையும் ஆம்பளை."

மத்தியானத்துக்குள் மப்ரூக்குக்கு விஷயம் போய்விட்டது. சாயங்காலம் காபிக்கடையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

"நாப்பத்தொரு மாப்பிள்ளைங்க! ஒரு பொண்ணு இல்ல! மாப்ளே, இது தோப்பு இல்ல, பட்டாளம். எல்லாத்துக்கும் தொப்பி தைக்கக் கொடுத்திட்டியா?"

கடையே சிரித்தது. திஜானியின் மானம் கப்பலேறியது. ஆனால் சிரிப்பைவிட அவனை அறுத்தது வேறு ஒன்று. ரெண்டு வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்த கன்றுகள். அவற்றைப் பிடுங்கிப் போடும் கை மப்ரூக்குடையதாக இருக்காது, அவனுடையதாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலை ஜெல்லின் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தான். நாற்பத்திரண்டாவது இலையின் இடத்தைப் பார்த்தான். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். அதுவும் இரட்டை.

"சி அம்மார்! சி அம்மார்! பெரியவளும் ஆம்பளைங்கிறது உங்க மிஷினு!"

"எந்தப் பெரியவ?"

"எங்க வீட்டுப் பெரியவதான். போன வருஷம் ஒம்பது குலை தள்ளினா. ஆம்பளை எங்கய்யா குலை தள்ளுவான்?"

சி அம்மார் போட்டோவை வாங்கிப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது. "அப்போ சோதனையே பொய்யின்னு ஆகுது திஜானி. மூணு வருஷம்..." என்று நாற்காலியில் உட்கார்ந்தார். வெறும் தண்ணீரை மட்டும் ஓடவிட்டுப் பார்க்கும் ஒரு சோதனைக்குழாய் எப்போதும் உண்டு. அதில் கோடு வந்தால் எங்கோ அழுக்கு என்று அர்த்தம். மருந்து தீர்ந்துகொண்டு வருகிறது என்று இந்த முறை அதை விட்டுவிட்டார்கள். அதைச் சொல்லித் தன்னையே திட்டிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு படாரென்று திறந்தது. லெல்லா தலெந்தா.

"இந்த மாடியில எனக்கு யாரு எதிரி? சொல்லிடுங்க, நேராவே பேசிக்கலாம்." கையிலிருந்த தாளை மேஜையில் அறைந்தார். "மூணு வாரமா என் படலத்து மேல மஞ்சப் பொடி. ஒரு பொட்டு விழுந்தாப் போதும், படலம் அங்கேயே ஓட்டை. பத்தொன்பது வில்லை போச்சு. பத்தொன்பது!"

நுண்ணோக்கியில் ஆயிரம் மடங்கு பெருக்கிய படம். கோதுமை மணி மாதிரி நீளநீளமாக, நடுவில் ஒரு கோடு கீறிய மணிகள். திஜானி அப்படி ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் மஞ்சள் என்ற சொல் அவன் காதில் விழுந்தது.

"லெல்லா, எந்தெந்த நாள்ல விழுது?"

"குறிச்சு வச்சிருக்கேன். திங்கள், புதன், வெள்ளி. மத்த நாள்ல சுத்தம்."

திஜானி அலமாரியிலிருந்து கறுப்புத் தாள் ஒன்றை உருவி மேஜையில் விரித்தான். குனிந்து, சட்டைப்பையிலிருந்த சீப்பை எடுத்து, இருபது வயதிலிருந்து வளர்த்த தன் மீசையை வாரினான். தாளில் மஞ்சள் பொடி உதிர்ந்தது. தலையை உதறினான். இன்னும் உதிர்ந்தது. காலையில் ஏழு மரம் ஏறி இறங்கிய மனிதன், காதுமடலில்கூட இருந்தது.

"ஆண்பூப் பொடி," என்றான். "நான்தான் லெல்லா உங்க எதிரி. சி அம்மார், உங்களுக்கும் நான்தான். உரல்ல இலையோட சேர்ந்து இதுவும் அரைபட்டிருக்கு."

"ஆனா டிசம்பர்ல சரியா வந்துச்சே?"

"டிசம்பர்ல பாளை ஏது, சி அம்மார்!"

 சி அம்மார் எழுந்து திஜானியைக் கட்டிப்பிடிக்கப் போனார், லெல்லா தலெந்தா "தொடாதீங்க! அவன தொடாதீங்க!" என்று கத்தினார். தன் தப்பைக் கண்டுபிடித்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை அந்தக் கட்டடம் அதற்கு முன் பார்த்ததில்லை. திஜானிக்குத் தலைகால் புரியவில்லை. சோதனை பொய்யில்லை. கன்றுகள் ஆண் என்றும் இன்னும் முடிவாகவில்லை. எல்லாம் மறுபடி திறந்து கிடக்கிறது!

"என் சுத்த அறைய தர்றேன்," என்றார் லெல்லா தலெந்தா. "வடிகட்டின காத்து, தாள் உடுப்பு, தாள் செருப்பு. புது உரல். ஆனா எட்டு நாளைக்கு நீ மரம் பக்கம் தலைவச்சுப் படுக்கக்கூடாது. அப்புறம் அந்த மீசை..."

"மீசையா?"

"மீசை."

மீசையைவிட எட்டு நாள்தான் பெரிய இடி. தோப்பெல்லாம் பாளை வெடித்து நிற்கிறது. நாலு நாள் தாண்டினால் பூ கருகிவிடும், அந்த மரத்துக்கு அந்த வருஷம் காய் இல்லை. திஜானி நேராக மப்ரூக்கிடம் போய் நடந்ததைச் சொன்னான்.

"எட்டு நாள் நீ ஏறு மச்சான்."

"நானா? பத்து வருஷமாச்சு. இந்த வயித்தப் பாரு!"

"வயிறு பாட்டுக்கு வயிறு இருக்கட்டும், கைகால் பாட்டுக்கு ஏறட்டும். ஏறலேன்னா நம்ம தோப்புல உனக்கும் காய் இல்ல, எனக்கும் காய் இல்ல."

மப்ரூக் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "சரி, ஏறித் தொலைக்கிறேன். ஆனா ஒம்பதுன்னு வந்தாக்கூட முலாம்பழம்தான். பேச்சு பேச்சுதான்."

மழித்த முகத்தோடு வீட்டுக்குப் போனதும் மனைவி ஹனியா கதவைப் பாதி திறந்து, "யாருங்க நீங்க? என் வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்காரு, அப்புறம் வாங்க," என்று சாத்தப் போனாள். அண்டைவீட்டுப் பெண்கள் மூன்று நாள் அதையே சொல்லிச் சிரித்தார்கள். திஜானி கவலைப்படவில்லை. தினம் இரண்டு வேளை குளித்தான். ஊருக்குள் சுற்றி, தோப்பு வழியைத் தவிர்த்து வேலைக்குப் போனான். பாளை வாசனை காற்றில் வரும்போது மட்டும் கால் பரபரத்தது.

ஐந்தாம் நாள் கீழ்த்தளத்திலிருந்து ஒரு அலறல் கேட்டது. யாருக்கோ கை வெந்துவிட்டது என்று எல்லோரும் ஓடினார்கள். லெல்லா தலெந்தா படியேறி எதிரே வந்துகொண்டிருந்தார். அறைக்கு வெளியே ஒருவரையும் போட்டுக்கொண்டு வரவிடாத தாள் செருப்பு அவர் காலிலேயே இருந்தது.

"தடை போயிடுச்சு! சுத்த பூஜ்யம்! மீட்டர் முள்ளு அப்படியே தரையில படுத்துடுச்சு!" திஜானியின் மொழுமொழு கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். "உன் பொடி இல்லேன்னதும் ஓடுது பாரு மின்சாரம்!"

அன்றைக்குத் திஜானிக்கு முதல்முறையாக நம்பிக்கை கரைபுரண்டது.

இருபத்தொன்பதாம் தேதி. கன்றுகள் தோப்பிலேயே நின்றதால் வெளி இலையிலும் பொடி இருக்கும் என்று, உள்ளே சுருண்டிருந்த குருத்தை மட்டும் எடுத்து மூன்று தண்ணீரில் கழுவியிருந்தார்கள். திஜானி தலைமுதல் கால்வரை தாளுக்குள் இருந்தான். கண் மட்டும் வெளியே. அரைத்தான். பிரித்தான். பெருக்கினான். ஜெல் ஓடி முடிய ஒன்றரை மணி நேரம். சி அம்மார் நடந்துகொண்டே இருந்தார், லெல்லா தலெந்தா வாசலில் காவல் நின்றார்.

நீல வெளிச்சம் எரிந்தது.

"முதல்ல வெறும் தண்ணி ஊத்தின சோதனைக்குழாய்," என்றார் சி அம்மார். "ஒரு கோடும் இல்ல. சுத்தம்."

"பெரியவ?"

"பெரியவ... ஒத்தை!"

சி அம்மார் எண்ண ஆரம்பித்தார், கீழ்த்தளத்து ஆட்களும் வாசலில் கூடிக் கூடவே எண்ணினார்கள். ஒத்தை. ரெட்டை. ரெட்டை. ஒத்தை. ஒத்தை. ஏழாவது பெண் வந்தபோது பத்தொன்பதாம் கன்றில் இருந்தார்கள். எட்டு. பிறகு வரிசையாக நாலு ரெட்டை வந்தது. ஒன்பது. பத்து என்றபோது கூச்சலில் அடுத்த எண் கேட்கவில்லை, மறுபடி எண்ண வேண்டியிருந்தது. அதற்கப்புறம் கோடி வரைக்கும் பெண்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள்.

தாள் உறையைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளியே ஓடித் திஜானி போனைப் போட்டான். வெகுநேரம் அடித்த பிறகு மூச்சிரைப்புதான் முதலில் வந்தது.

"யார்றா... மரத்து மேல இருக்கேன்டா..."

"மச்சான், நான்தான். எந்த மரத்துல இருக்கே?"

"பெரியவ மேலதான். கடைசிப் பாளை. ரெண்டு காலும் நடுங்குது. எத்தனைன்னு சொல்லித் தொலை."

"இருபத்திரண்டு."

மறுமுனையில் சத்தமே இல்லை. கீழே விழுந்துவிட்டானோ என்று திஜானிக்குப் பகீரென்றது.

"மச்சான்?"

"இருக்கேன்." மப்ரூக்கின் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "இங்கேருந்து நம்ம தோப்பு முழுக்கத் தெரியுது மாப்ளே. எத்தனை குழி வெட்டி வச்சிருக்கே?"

"பத்து. என் பக்கத்துல அதுக்குத்தானே இடம்."

"இருபத்திரண்டு பொண்ண வச்சிக்கிட்டுப் பத்துக் குழியா? மீதிப் பன்னெண்டையும் என் பக்கத்துல வெட்டு."

"அப்ப முலாம்பழம்?"

"போடா," என்றான் மப்ரூக். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இப்ப என்னை எப்படியாச்சும் கீழ இறக்கு, மண்வெட்டிய நான் எடுத்துட்டு வர்றேன்."