கட்டை கட்டி இறங்கிய கல்யாணக் கார்

ஐம்பதுகளின் நடுவில், ஒரு தை மாத விடியலில் நடந்தது இது. பேரிகையிலிருந்து கிருஷ்ணகிரிக்கு நான் கல்யாணப் பெண்ணாகப் போய்க்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் அப்போது மாப்பிள்ளை வீட்டில்தான் தாலி கட்டு. வீட்டார் முதல் நாளே மாட்டு வண்டிகளில் கிளம்பிவிட்டார்கள். நானும் துணைக்கு அத்தையும் மட்டும் காரில். என் அண்ணனின் பிடிவாதம் அது.

அண்ணன் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணம் நெருங்கும்போது பார்த்து அதன் பின் ஆக்சில் முறிந்தது. பெங்களூரில் ஏலத்துக்கு வந்த பட்டாள வண்டியின் ஆக்சிலைக் கொண்டுவந்து மாட்டினான். ஓடுவதில் குறையில்லை, நிற்பதில்தான் தகராறு. எங்கள் காரின் பிரேக் கம்பியால் இழுபடுவது. பட்டாளத்து பிரேக் எண்ணெயால் அழுந்துவது. எண்ணெய்ச் சாமானையெல்லாம் கழற்றிவிட்டு, சக்கரத்தை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பழைய பிரேக் ஷூவையே புது டிரம்முக்குள் வைத்தான். டிரம் அகலம், ஷூ எட்டவில்லை. அதன்மேல் உரசும் பட்டையை இரட்டையாக வைத்து ரிவிட் அடித்து எட்டவைத்தான். சந்தைத் தெருவில் ஓட்டி நிறுத்திக் காட்டி ஊரெல்லாம் பெருமை வேறு. சம தரையில் நின்றது, பொய் சொல்லக் கூடாது.

அன்று பனி அப்படி ஒரு பனி. சாலைப் புளியமரங்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்து கரைந்து போயின. ராத்திரி தூங்காத கண், தலை நிறையப் பூ, பட்டுப் புடவையின் கனம். போவது நான்தானா, இது வேறு யாருடைய கல்யாணமோ என்றுகூடத் தோன்றியது. சூளகிரி தாண்டியதும் பூ வாசத்துக்குள் ஏதோ கருகும் வாசம் கலந்தது. அதுவும் கனவில் வருகிற மாதிரிதான் இருந்தது.

பெரிய இறக்கம் தொடங்குகிற மேட்டில் அண்ணன் எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினான். இறங்கிப் போய்ப் பின் சக்கரத்தைத் தொட்டவன் கையை உதறிக்கொண்டான். பட்டை தீய்ந்துவிட்டது. மீதமிருப்பது முன் பிரேக் மட்டும். அதை நம்பி அந்த இறக்கத்தில் விட்டால் வண்டி பள்ளத்துக்குப் போகும்.

எனக்கோ முகூர்த்தம் தவறிவிடுமே என்ற பயம். "மெதுவா உருட்டிக்கினே போயிடலாம்ணா," என்றேன்.

"பிரேக் இல்ல. எறங்கு," என்றான். குரலில் கோபமில்லை. முகம்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

அத்தை அவனைப் பிடித்துக்கொண்டாள். "ஊருக்கெல்லாம் நிறுத்திக் காமிச்சியேடா!"

மேட்டில் புளி மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் நின்றிருந்தன. வண்டிக்காரர் ஒருவர் தெலுங்கும் தமிழுமாகப் பேசிக்கொண்டு வந்தார். இறக்கத்தில் வண்டி மாட்டைத் தள்ளாமல் இருக்கப் பின்னால் ஒரு மரக்கட்டையைக் கட்டித் தரையில் இழுபட விடுவார்கள். அந்தக் கட்டையை அவிழ்த்துக் காரின் பின்னால் கட்டினார். "ஏமீ காதம்மா, ஒண்ணும் ஆவாது. எங்க வண்டிய புடிக்கிறது இத்தப் புடிக்காதா?" என்று சிரித்தார். அவர் கூட்டாளி பாரத்துக்காகக் கட்டைமேல் ஏறிக் குந்திக்கொண்டார்.

அண்ணன் முதல் கியரில் இறக்கினான். வண்டிக்காரர் சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக் கையில் கல்லோடு கூடவே நடந்தார். நான் செருப்பில்லாத காலோடு, ஜன்னலில் கை வைத்து, அண்ணன் பக்கத்திலேயே நடந்தேன்; அத்தை பின்னால் வந்தாள். சுற்றிலும் வெள்ளை. கட்டை தார் ரோட்டில் கரகரவென்று இழுபடும் சத்தம் மட்டும். எவ்வளவு நேரம் அப்படிப் போனோமோ! கல்யாணம், முகூர்த்தம் எல்லாம் மறந்தே போயிற்று. இறக்கம் முடியவே வேண்டாம் போலிருந்தது. அண்ணன் மட்டும் ஒரு தடவை, "காலு சுடுதா?" என்று கேட்டான். பனியில் நனைந்த ரோடு எங்கே சுடும்? சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது.

அடிவாரத்தில் கட்டையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார் வண்டிக்காரர். சம்பந்திக்கென்று வைத்திருந்த வெற்றிலைத் தட்டை அத்தை அப்படியே அவர்கள் கையில் கொடுத்துவிட்டாள். இருவரும் தங்கள் வண்டிகள் நின்ற மேட்டுக்குப் பனிக்குள் ஏறிப் போய்விட்டார்கள்.

பந்தலை அடைந்தபோது முகூர்த்தம் முடியும் தறுவாய். ஏன் தாமதம் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். டயர் பஞ்சர் என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் அத்தனை பேர் நடுவில், "நான் மாட்டின பிரேக் புடிக்கல. கட்டை கட்டி எறக்கினேன்," என்றான். யாரோ சிரித்தார்கள். அவன் தலை குனியவில்லை. அவசரமாகத் தாலி ஏறியது.

அன்று எனக்கு அட்சதை போட்டு வாழ்த்தியவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட இன்று ஞாபகமில்லை. மேட்டில் நின்று என் அண்ணன் சொன்ன "பிரேக் இல்ல, எறங்கு" மட்டும், பெரிய வாழ்த்தாக இன்னும் காதில் இருக்கிறது.