நான்கு பிளாஷுக்கும் பை இருந்தது

காலை 5.20. இரத்தினபுரி பஸ் நிலையத்தில் கலவான பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் இறங்கிவிடலாமா என்று இரண்டு முறை யோசித்தேன். மகளுக்கு ஒன்பது மாதம். அவள் பிறந்ததிலிருந்து ஒரு முழுப் பகல் அவளை விட்டு நான் இருந்ததில்லை. மாமி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். எடுத்து வைத்த பால், மாற்று உடுப்பு, காய்ச்சல் மருந்து எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தேன். எழுதாமல் விட்டது எது என்பதுதான் வழியில் நிவித்திகல வரும்வரை என் கவலை.

இந்தப் பயணம் என் கணவர் தந்த பிறந்தநாள் பரிசு. கல்யாணத்துக்கு முன் நான் பறவைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவள். "பறக்கும் ஹம்மிங் பேர்டை நான்கு பிளாஷில் பிடியுங்கள், கலவானைக்கு அருகே தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் பயிற்சி, ஒருவருக்கு 9,500 ரூபா" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிட்டார். இலங்கையில் ஹம்மிங் பேர்ட் கிடையாது. அவை அமெரிக்கக் கண்டங்களின் பறவைகள். இங்கே இருப்பது தேன்சிட்டு. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன். பொய்யில் தொடங்கும் இடத்தில் மற்றதெல்லாம் எப்படி இருக்கும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

காலை 7.05. ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர், டிக்கெட் 180 ரூபா. கலவான சந்தியிலிருந்து தோட்டத்துக்கு ஏழு கிலோமீற்றர். ஓட்டோ ஓட்டும் நானா 1,200 கேட்டார். பாதையைப் பார்த்த பிறகு அது நியாயம்தான் என்று பட்டது. நான் மூன்றாம் தடவையாக வீட்டுக்குப் போன் எடுத்ததைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

"புள்ளைக்கு எத்தின மாசம்?"

"ஒன்பது. எப்படித் தெரியும்?"

"என்ட மகளும் புள்ளைய உட்டுட்டு எங்க ஊட்டுக்கு வந்தா இப்பிடித்தான். உடம்பு இங்க இருக்கும், காது அங்க இருக்கும்."

காலை 7.50. பயிற்சி பங்களாவில் நடக்கும் என்று நினைத்திருந்தேன். ஓட்டோ நின்றது தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால். பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே வரிசையில், தகரக் கூரை, முற்றத்தில் துணி காயப்போடும் கம்பிக் கொடி. அந்தக் கொடியின் நடுவில் ஒரு பழைய சணல் பை கிழிந்து தொங்குவது போல, தேன்சிட்டின் கூடு. அதைச் சுற்றி நான்கு தாங்கிகளில் நான்கு பிளாஷ்கள். கூட்டுக்குப் பின்னால் ஆறடி அகலத்தில் துணித்திரை, அதில் மங்கலாக அச்சடித்த பச்சைக் காடு.

"அது எதுக்கு?" என்று கேட்டேன்.

நடத்துபவர் கொழும்பிலிருந்து வந்த தம்பி, முப்பது வயது இருக்கும். "பின்னால லயம் தெரியக் கூடாது அக்கா. சிங்கராஜா காடு மாதிரித் தெரியணும்," என்றார்.

அரநாயக்கப் பக்கம் ஒரு தோட்டத்தில், இதைப் போன்ற ஒரு லயத்தில்தான் நான் பிறந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்கு இன்னும் என்மேல் எனக்குக் கோபம்.

தொழில் அவருக்குத் தெரியும், அதை மறைக்கமாட்டேன். இறக்கையை நிறுத்துவது கமெராவின் வேகம் என்று நான் நினைத்திருந்தேன். அது இல்லை. கமெரா விநாடியில் இருநூறில் ஒரு பங்கு நேரம் திறந்தாலே போதும். சுற்றுப்புறத்தை நிழலாக்கிவிட்டு, ஒளியைப் பிளாஷிலிருந்து மட்டும் வாங்க வேண்டும். பிளாஷின் சக்தியைக் கூட்டினால் ஒளி நீளும், இறக்கை கலங்கும். முப்பத்திரண்டில் ஒரு பங்காகக் குறைத்தால் ஒளி ஒரு வெட்டாகச் சுருங்கி இறக்கை அப்படியே நிற்கும். குறைந்த சக்தி போதாததால்தான் நான்கு: இரண்டு முன்னால், ஒன்று மேலே, ஒன்று திரைக்கு.

காலை 8.40. என்னோடு கொழும்பு வங்கி ஒன்றில் வேலை செய்யும் இருவர் வந்திருந்தார்கள். முதலில் என் முறை. பெண் தேன்சிட்டு வாயில் சிலந்தியோடு வந்தது. கூட்டின் வாசலுக்கு நேரே, எதிலும் தொற்றாமல், அந்தரத்தில் நின்று இறக்கையடித்தது. அழுத்தினேன். கமெராத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து வியந்துபோனேன். ஒவ்வொரு இறகையும் எண்ணலாம்.

நாற்பது நிமிடம். 212 படங்கள். என்னை மறந்தேன், மகளையும் மறந்தேன். மார்பில் பால் கட்டி வலித்தபோதுதான் நேரம் தெரிந்தது.

பால் எடுப்பதற்கு எதிர்க் காம்பராவில் இருந்த பெண் இடம் தந்தாள். பெயர் செல்வி, கொழுந்து பறிப்பவள். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தாள். உள்ளே அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, கைக்குழந்தையின் துணிகள் வரிசையாகத் தொங்கின. புகை மணம்.

"வெளியில கொடி இருக்கே?" என்றேன்.

"அதுக்கு லீவு குடுத்தாச்சிங்க அக்கா. மூணு வாரமாச்சி. சம்பளத்தோட லீவு," என்றாள். பக்கத்துக் காம்பராவிலிருந்து ஒரு குரல்: "காலையில வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துல நமக்கு இப்படி ஒரு நாள் குடுக்கச் சொல்லு பாப்போம்!"

நாளுக்கு ஒரு மழை பெய்யும் கலவானையில், அந்த வரிசை முழுக்க மூன்று வாரமாகக் கொடியைத் தொடவில்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லையாம். கூடு கட்டத் தொடங்கியதும் துணியை எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

"ஆனா அக்கா," செல்வி குரலைத் தாழ்த்தினாள். "முந்தா நாள் வரைக்கும் கூட்டு வாசலுக்கு மேல சின்னத் தாவாரம் ஒண்ணு நீட்டிக்கிட்டு இருந்துச்சி. கீழ அது உக்கார ஒரு விளிம்பும் இருந்திச்சிங்க. நேத்து கொழுந்துக்குப் போயிட்டு வந்து பாத்தா ரெண்டையும் காணோம். அந்தக் கமெராக்காரரு படம் புடிக்கிறதுன்னுதான் கேட்டாரு, சரின்னேன். வெட்டுறதுன்னு சொல்லலையே."

நான் வியந்த அந்த அந்தர நிலை தேன்சிட்டின் இயல்பே இல்லை. அது தொற்றிக்கொண்டுதான் குஞ்சுக்கு ஊட்டும். தொற்ற இடமில்லாததால் நின்று அடித்துக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் 212 முறை படம் எடுத்தேன்.

முற்பகல் 10.15. அந்தத் தம்பியிடம் கேட்டேன். மறுக்கவில்லை.

"கூரை இருந்தா உள்ள நிழல் விழும் அக்கா. மேல் பிளாஷ் போகாது. உக்காந்துட்டா பறக்குற படம் எப்படி வரும்?"

"மழை வந்தா?"

"ரெண்டு நாள்ல பறந்திடும்."

"குஞ்சுக்குக் கண்ணே திறக்கல!"

"உங்க முறை முடிஞ்சுது. மத்தவங்க பாவம் இல்லையா?"

மற்றவர்களைப் பார்த்தேன். ஒருவர், "அக்கா சொல்றது சரிதான். ஆனா நாங்க அவ்வளவு தூரம் வந்திருக்கோமே," என்றார். சரி என்று ஒத்துக்கொண்டே கமெராவை உயர்த்தினார். எனக்குக் கோபம் வந்தது. போய்க் கூட்டுக்கும் கமெராவுக்கும் நடுவில் நின்றேன். என் முதுகுக்குப் பக்கத்தில் குஞ்சுகள் கீச்சிட்டன. நானே அங்கே நிற்பதால் தாய் வராதே என்று அடுத்த நிமிடமே பயம் வந்தது. விலகினால் பிளாஷ், நின்றால் பட்டினி. இரண்டு அடி தள்ளி, கமெராவை மட்டும் மறைத்து நின்றேன். அது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை. பிளாஷ் அடிப்பது நின்றது. தாய் மட்டும் வரவில்லை. ஜம்பு மரத்தில் இருந்து கத்திக்கொண்டே இருந்தது.

பகல் 1.10. ஏறக்குறைய மூன்று மணி நேரம் இழுத்த வாதத்தை முடித்தது வானம். இடி, காற்று, பெரிய துளிகள். தம்பி ஓடினார். கூட்டை நோக்கி அல்ல. நான்கு பிளாஷுக்கும் அளவாக வெட்டிய நான்கு பிளாஸ்டிக் பைகள் அவரிடம் இருந்தன. ஒவ்வொன்றையும் பக்குவமாகப் போர்த்தி முடிச்சுப் போட்டார். அச்சடித்த காட்டையும் நனையாமல் சுருட்டினார். மழை வரும் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. அதற்கு ஆயத்தமாகவும் வந்திருந்தார். கூட்டுக்குத்தான் ஒன்றும் இல்லை.

செல்வி காம்பராவிலிருந்து தன் படங்கை எடுத்துக்கொண்டு வந்தாள். செடியின் ஈரம் நனைக்காமலிருக்க, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த றப்பர்ச் சீலை. நாளைக்கு வேலைக்கு அவளுக்கு அது வேண்டும். கத்தரிக்கோலால் ஒரு முழம் வெட்டினாள். கொடியில் குடில் போலப் போட்டு, துணிக் கிளிப் நான்கு குத்தினோம்.

"கீழ அது உக்கார ஒண்ணு வேணுமே," என்றேன். அவள் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவித் தந்தாள். கூட்டைத் தொடாமல், படங்கின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, வாசலுக்குக் கீழே குத்திவிட்டேன். மனித மணம் பட்டால் தாய் திரும்பாதோ, நான் கெட்டதை இன்னும் கெடுக்கிறேனோ என்று பயந்து கேட்டேன்.

"அக்கா, பயந்துகிட்டே செய்ங்க. ஆனா செய்ங்க," என்றாள் செல்வி. இருவரும் தொப்பலாக நனைந்திருந்தோம்.

பிற்பகல் 3.30 வரை காம்பராவின் முன் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று பார்த்தேன். தாய் வரவில்லை. கடைசி பஸ்ஸைத் தவறவிடும் பயத்தில் கிளம்ப வேண்டியதாயிற்று. இரவு ஏழரைக்கு வீட்டு வாசலில் மகள் என் கழுத்தைப் பிடித்துத் தொங்கியபோதும், போத்தலை அவள் வாயிலேயே வாங்கவில்லை என்று மாமி குறை சொன்னபோதும், என் மனம் அந்தக் கொடியில்தான் இருந்தது.

மறுநாள் காலை செல்வியின் குரல் பதிவு வந்தது. "அக்கா, தாய் வந்திருச்சிங்க! மொதல்ல பயந்துச்சி. பொறகு உங்க ஈர்க்குல ஒக்காந்துகிட்டு ஊட்டுது. ரெண்டு குஞ்சும் வாயத் தொறக்குது. கொடிக்கி லீவு நீட்டியாச்சி. படங்கு கட்டையாப் போச்சின்னு கங்காணி கேட்டாரு, எலி கடிச்சிருச்சின்னேன்." கூடவே போனில் எடுத்த ஒரு படம்.

அந்தத் தம்பியின் முகநூல் பக்கத்தில் அடுத்த பயிற்சிக்கு விளம்பரம் வந்துவிட்டது. இந்த முறை வேறு ஒரு கூடாம். பணத்தை அனுப்பவேண்டாம் என்று அதன் கீழே என் பெயரைப் போட்டு எழுதினேன், நீக்கிவிட்டார்கள். மறுபடி எழுதினேன். நீக்க நீக்க எழுதுவேன்.

இந்தக் கட்டுரையோடு போட, இறக்கை உறைந்த அந்தப் படத்தைப் பத்திரிகையில் கேட்டார்கள். நான் கொடுக்கவில்லை. நீங்கள் பார்ப்பது செல்வி எடுத்தது. பறவை ஒரு பழுப்புக் கறையாகத்தான் தெரியும், இறக்கை எது வால் எது என்று சொல்ல முடியாது. ஆனால் அது உட்கார்ந்திருக்கிறது. பின்னால் லயம் நன்றாகத் தெரிகிறது.